சிவப்புக் கொடிக்கு அப்பால்

மாணவ நண்பர்களே, துப்பாக்கி சுடும் தளத்தில் ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டு, இரண்டே குண்டுகள் சுட்டுத் திரும்பியவன் நான். எனக்கென ஒதுக்கியிருந்தவை ஐந்து. எஞ்சிய மூன்றில் ஒன்று வெடிக்க மறுத்தது. மற்ற இரண்டும் என் கைக்கு வரவே இல்லை. அவை ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். குறி பார்ப்பது எப்படி, இலக்கின் நடுவில் அடிப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதைச் சொல்லத் தக்கவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் நம்மவர்கள் மூன்று வெண்கலப் பதக்கங்கள் பெற்றார்கள். நானோ இரண்டு குண்டுக்காரன்.

என் ஊர் திருப்பூரை அடுத்த வேலம்பாளையம். பனியன் கம்பெனிகளின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். துப்பாக்கியின் ஓசையைத் திரைப்படக் கொட்டகையில் அல்லாமல் வேறெங்கும் கேட்டதில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் தேசிய மாணவர் படையில் பெயர் கொடுத்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தப் படையில் அணிவகுப்பும் உண்டு, முகாமும் உண்டு. ஆனால் எங்களில் பெரும்பாலோரை இழுத்தது ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் ஐந்து தோட்டாக்கள்தாம். அதை ஒளிப்பதில் பயனில்லை.

2003ஆம் ஆண்டு, பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது திருப்பூர் கோவை மாவட்டத்திலேயே இருந்தது. விடியுமுன் லாரியில் ஏறினோம், நாற்பது மாணவர்கள். கோவையைக் கடந்து, மதுக்கரைப் பக்கத்து மலையடிவாரத்தில் வெயில் ஏறும் வேளையில் இறங்கினோம்.

சுடுதளம் என்றதும் நான் ஏதோ பெரிய கட்டடத்தை மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். அங்கே இருந்தது ஒரு வெட்டவெளி. எதிரே உயரமான மண்மேடு. அதற்கும் பின்னால் மலைச்சரிவு. மேட்டின் முன்னால் மரச்சட்டங்களில் ஓரடிச் சதுரக் காகிதங்கள். அவற்றிலிருந்து 25 மீட்டர் தொலைவில் எட்டுத் தார்ப்பாய்கள். இவ்வளவுதான். இதற்கு எதற்கு அதிகாரி ஒருவர், ஹவில்தார்கள் மூவர், மருத்துவ உதவியாளர் ஒருவர், நான்கு பக்கமும் காவல் என்று தோன்றியது. களத்தின் எல்லை நெடுகச் சிவப்புக் கொடிகள் நட்டிருந்தார்கள். கொடி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மாணவன் காவல் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு யாரும் முன்வரவில்லை.

எங்களுக்குப் பயிற்சி தந்த ஹவில்தார் மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவர். மெல்லப் பேசுவார். துப்பாக்கியைத் தொடவிடுமுன் ஒரு தோட்டாவை எடுத்து எங்கள் உள்ளங்கைகளில் மாறி மாறி வைத்துக் காட்டினார். புள்ளி இருபத்திரண்டு என்று வழங்கும் சிறு தோட்டா அது. அதன் நுனியிலுள்ள ஈயக்குண்டு இரண்டரைக் கிராம் அளவுதான் இருக்கும். ஆயினும் அது நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. தடுப்பு ஏதும் இல்லையென்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். "உங்கள் காகிதம் 25 மீட்டரில் இருக்கிறது. குண்டுக்கு அது தெரியாது" என்றார் அவர். நான் மனத்திற்குள் எங்கள் ஊரை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். வேலம்பாளையத்தில் மேடின்றிச் சுட்டால், அனுப்பர்பாளையத்தில் பித்தளைக் குடம் தட்டிக்கொண்டிருப்பவர் மடியில் அது விழக்கூடும்.

பிறகு கைப்பழக்கங்களைச் சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே கருத வேண்டும். வெறுந்துப்பாக்கி என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தாலும், போல்ட்டைத் திறந்து அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பின்பே கையில் வாங்க வேண்டும். குழலின் வாய் எப்போதும் மண்மேட்டையே நோக்கியிருக்க வேண்டும். குறி பார்த்து முடிக்கும் வரை விரல் விசைமேல் இருக்கலாகாது. வெளியே நீண்டு கிடக்க வேண்டும். இலக்கை மட்டும் பார்த்தால் போதாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஊதல் ஒலித்துவிட்டால், யார் ஊதினாலும், எதற்காக ஊதினாலும், பாதிச் சுடுதலில் இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். கடைநிலை மாணவன் ஊதினாலும் அதிகாரியே நிறுத்துவார். களத்தில் அந்த ஓர் உரிமை மட்டும் எல்லாருக்கும் சமம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கட்டளைகள் இந்தியில் இருந்தன. 'பர்' என்றால் தோட்டா இடு. 'காலி கர்' என்றால் வெறுமையாக்கு. பொருள் தெரியாமலே நாங்கள் அந்தச் சொற்களுக்கு உடலால் பழகியிருந்தோம். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். இன்று இதற்கென்றே காதுமூடிகளும் கண்ணாடிகளும் உள்ளன. அவை இல்லாமல் ஒழுங்கான தளங்களில் உள்ளே விடமாட்டார்கள். துப்பாக்கி ஓசை செவி நரம்பைக் கெடுத்தால் அது மீளாது.

என் முறை மூன்றாவது வரிசையில் வந்தது. தார்ப்பாயில் குப்புறப் படுத்தேன். இடப்பக்கத்தில், ஒரு கை தொலைவில், பள்ளிநாள் முதல் என்னோடு படித்த நண்பன். முதல் குண்டு சுட்டேன். இரண்டாவதும் சுட்டேன். தோளில் சிறு தட்டல். மூக்கில் வெடிமருந்தின் வாடை. உலகத்தை வென்றுவிட்டது போல இருந்தது. மூன்றாவது தோட்டாவை இட்டு விசையை இழுத்தேன். 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் நான் செய்ததை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. முழங்கையை ஊன்றி எழுந்து, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே இடப்பக்கம் திரும்பி, "ஐயா, வெடிக்கவில்லை" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் ஹவில்தாரின் கை குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பித் தரையோடு அழுத்திவிட்டது. ஊதல் ஒலித்தது. களம் அடங்கியது. அவர் என்னை அடிக்கவில்லை; திட்டவுமில்லை. குழலை அழுத்திய கையை எடுக்காமல் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கழிந்தது. போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் ஊசி பட்ட சிறு பள்ளம் இருந்தது. "ஊசி பட்டிருக்கிறது. மருந்து உறங்கியிருக்கிறது. இது எழாது என்று உனக்கு யார் சொன்னார்கள் தம்பி?" என்று கேட்டார்.

இதைச் சற்று விளக்க வேண்டும். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடிவிளிம்பைத் தாக்குகிறது. அங்குள்ள நுண்ணிய மருந்து தீப்பொறி தர, உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளுகிறது. ஈரத்தாலோ தயாரிப்புக் குறையாலோ அந்தப் பொறி சில வேளை எழாது போகும். அது வெறும் பழுது. மிக அரிதாக, பொறி எழுந்தும் மருந்து உடனே பற்றாமல் சற்றுத் தாமதித்துப் பற்றும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே 'டிக்' ஓசைதான். ஆதலால் வெடிக்காத துப்பாக்கியை அசைக்காமல், விசையிலிருந்து விரலை எடுத்து, குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இடக்கையை மட்டும் உயர்த்திக் காட்ட வேண்டும். அவசரப்பட்டு போல்ட்டைத் திறந்தால் தோட்டா முகத்தருகே வெடிக்கலாம். இவை எல்லாம் காலையில் எங்களுக்குச் சொல்லப்பட்டவைதாம். நான் தலையாட்டியவன்தான். பாடத்தை அறிந்திருப்பது வேறு, பாடம் கையில் இறங்கியிருப்பது வேறு என்பது தார்ப்பாயில் படுத்தால்தான் தெரிகிறது.

என்னை எழுப்பி, கோடியிலிருந்த கொடிக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணக்கில் மீதியிருந்த இரண்டு தோட்டாக்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள்.

கொடி நட்டிருந்த இடம் மண்மேட்டின் பக்கவாட்டில், ஒரு பள்ளத்தின் கரையில் இருந்தது. வெயில். காற்று அறவே இல்லை. சிவப்புக் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. ஐம்பதடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் அது கொடியா, காயப்போட்ட துணியா என்று தெரியாது. நான் அவமானத்திலும் கோபத்திலும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பள்ளத்திற்குள்ளிருந்து மணியோசை கேட்டது. முதலில் இரண்டு ஆடுகள் தலை நீட்டின. பின் பத்துப் பன்னிரண்டு. அவற்றின் பின்னால் ஒரு கிழவி. ஆடுகள் நேரே மண்மேட்டை நோக்கி நடந்தன.

நான் ஊதலை ஊதினேன். கொடியைப் பிடுங்கித் தலைக்கு மேல் வீசினேன். களத்தில் சுட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் அந்தக் கணமே நின்றார்கள். 'காலி கர்' என்ற கட்டளை எனக்கும் கேட்டது. சற்று முன்னர் தண்டனை பெற்றவன் ஊதிய ஊதல் அது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கிழவிக்கு என் ஆர்ப்பாட்டம் வேடிக்கையாக இருந்தது. "என்னத்தைச் சுடறீங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"காகிதத்தைச் சுடுகிறோம் பாட்டி."

"காயிதத்தைச் சுடறதுக்கா இத்தனை பேரு?" என்று சிரித்தாள். பிறகு, "நான் வருசக்கணக்கா இங்கதான் ஆடு மேய்க்கறேன். சத்தம் கேட்டா நாங்களே ஒதுங்கிக்குவோம், நீ பயப்படாதே" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தானே என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னர் ஹவில்தார் காலையில் சொன்ன எண் நினைவுக்கு வந்தது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எங்கள் சிறு தோட்டாவின் குண்டு கிட்டத்தட்ட ஓசையோடு ஓசையாகவே வந்து சேரும். படைவீரர்களின் துப்பாக்கிக் குண்டோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஓசை வருமுன் குண்டு வந்துவிடும். ஓசை கேட்டு ஒதுங்கலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது, கொடி மட்டுமே தரக்கூடிய காப்பை.

ஓர் ஆடு மேட்டின் பின்புறம் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. அதை இறக்கிப் பள்ளத்தின் மறுகரைக்கு ஓட்டும் வரையில் பன்னிரண்டு நிமிடங்கள் களம் காத்திருந்தது. அதிகாரி தாமே நடந்து வந்து, கிழவி கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். கொடிக்கம்பத்தின் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டித் துணியை விரித்து வைக்கச் சொன்னார். அதன் பிறகு நான் கல்லின்மேல் உட்காரவில்லை.

நண்பர்களே, இதைச் சிறு நிகழ்ச்சி என்று நீங்கள் எண்ணலாம். அந்தக் கிழவிக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே அது சிறு நிகழ்ச்சியாக நின்றது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் அப்படி நிற்கவில்லை. அருகிலிருந்த தளத்தில் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் 2022ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். அவன் தளத்திற்குப் போனவன் அல்லன். கொடியைக் கடந்தவனும் அல்லன். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, மண்மேட்டின்மேல் ஏறி நின்ற அந்த ஆடுதான் என் கண்முன் வந்தது.

மண்மேடு எவ்வளவு உயரம், பின்னால் மலை உண்டா, குண்டு போகும் திசையில் வீடுகள் எழுந்துவிட்டனவா என்பவற்றை ஒரு முறை பார்த்துவிட்டு ஓயக்கூடாது. ஊர் வளர்கிறது, தளம் வளர்வதில்லை. இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு விம்பிள்டன் வெளியில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டி நடந்தது. தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசையைப் பட்டுக் கயிற்றால் இழுத்து விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டார். முப்பது ஆண்டுகளில் சுற்றுப்புறம் வீடுகளால் நெருங்கிவிட்டது. அரசி தொடங்கிவைத்த இடமாயிற்றே என்று பார்க்காமல், 1890இல் தளத்தையே பிஸ்லிக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வேலம்பாளையமும் என் தந்தையார் காலத்தில் சோளக்காடாக இருந்ததுதான். 2011இல் அது திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. தந்தையார் ஆடு மேய்த்த இடத்தில் இன்று நான்கு மாடிக் கம்பெனி நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த எல்லைப் படத்தை வைத்துக்கொண்டு இங்கே எதையும் செய்ய முடியாது.

மதிய உணவுக்கு முன் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். குண்டிலும் தோட்டா மருந்திலும் உள்ள ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். புளிச்சோற்றோடு அதுவும் உள்ளே போகும். பிற்பகல் மூன்று மணிக்குச் சுடுதல் முடிந்தது. ஆனால் நாங்கள் புறப்படவில்லை.

கொண்டு வந்த தோட்டாக்கள் 200. என் இரண்டும், வெடிக்காத ஒன்றும் போக, 197 வெற்றுக் கூடுகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 196. மறுபடி எண்ணினார்கள், 196. நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்து புல்லை விலக்கித் தேடினோம். தார்ப்பாய்களை உதறினோம். முக்கால் மணி நேரம் கழிந்தது. கடைசியில் முதலாண்டு மாணவன் ஒருவன் அழும் நிலையில் முன்வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைக் கூட்டை எடுத்துக் கொடுத்தான். வீட்டில் தங்கைக்குக் காட்ட எடுத்து வைத்தானாம். வெற்றுக் கூடுதானே என்று எங்களுக்குத் தோன்றியது. "இன்று வெற்றுக் கூட்டை எண்ணாமல் விட்டால், நாளை முழுத் தோட்டா ஒன்று யார் பையிலாவது வீடு போய்ச் சேரும். அடுப்பங்கரையில் அது கிடந்தால் என்ன ஆகும்?" என்றார் அதிகாரி. பின் ஒவ்வொருவனும் அவர் முன் நின்று, தன்னிடம் தோட்டாவும் இல்லை, கூடும் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு லாரியில் ஏறினான்.

லாரியில் என் நண்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவிநாசி சாலைக்கு வரும் வரையில் அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்: "மிளகு அளவுத் துளைதான்டா அது. எனக்குக் கிணறு மாதிரி இருந்தது." நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தான். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் அம்மா விழித்திருந்தார். அவர் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்துவந்தார். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். நான் திரும்பியதை மட்டும் சொல்லவில்லை. ஒரு செப்புக்காசுக்கும் பெறாத கூட்டுக்காக முக்கால் மணி நேரம் புல்லைக் கிளறியதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"எங்களுக்கும் அப்படித்தான். தைக்கும்போது ஊசி உடைஞ்சா, உடைஞ்ச துண்டு அத்தனையையும் தேடிக் கொண்டுபோய்க் காட்டணும். சேர்த்து வச்சுப் பார்த்து முழு ஊசி ஆனாத்தான் புது ஊசி தருவாங்க. ஒரு துணுக்குக் கிடைக்கலைன்னாலும் அந்தக் கட்டு வெளியே போகாது" என்றார்.

"எதுக்கம்மா அவ்வளவு?"

"குழந்தைத் துணி கண்ணு. எந்த நாட்டிலேயோ ஒரு பொம்பளை அதைப் பிரிச்சுப் பிள்ளைக்குப் போடுவாளே."

அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. திரும்பியதையும் சொன்னேன். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை என்னை அந்த நண்பன் வீட்டுக்கு அழைத்துப்போய் அவன் தாயாரிடம் சொல்ல வைத்தார். களத்தில் பெற்ற தண்டனையைவிட அது கடினமாக இருந்தது.

பின்னாளில் வேறு தளங்களையும் பார்த்திருக்கிறேன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில், வீரர்கள் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று எதிரே வருபவருக்குத் தெரியும்படியே தூக்கி நடக்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக அந்தப் போட்டியில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை மரபினர். காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் சுடாத நேரமெல்லாம் குழலுக்குள் நிறமுள்ள ஒரு கயிற்றைச் செருகி வைத்திருப்பார்கள். உலக வாகையர் ஆனாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. கயிற்றை மறந்தால் நடுவர் எச்சரிப்பார். குழலைக் கண்டபடி திருப்பினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்.

இப்போது நான் ஒரு பள்ளியில் ஆசிரியன். மாணவர் படையையும் கவனித்துக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்குச் சுடுபயிற்சி. பழைய கொடிகள் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டதால் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. வீட்டிலே கிடந்த சிவப்புப் பனியன் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, இது காற்றில் தொய்ந்து சுருண்டுவிடும், தூரத்திலிருந்து தெரியாது என்று ஒதுக்கிவிட்டார். நெசவுத்துணி வாங்கிவரச் சொல்லி, விளிம்பை இரட்டையாக மடித்து, மேல் ஓரத்தில் குச்சி நுழையும்படி ஒரு பட்டியும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஆறு கொடிகள். தைத்து முடித்ததும் ஊசியைக் கழற்றி, முழுதாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.